காலையில் இல்லாத பச்சை

பல் டாக்டரின் பச்சை மறுபடியும் காணாமல் போயிருந்தது.

குட்டி பட்டியலை மேலிருந்து கீழே உருட்டினாள். பிறகு, பெரிய நம்பிக்கை ஏதும் இல்லாமல், கீழிருந்து மேலே உருட்டினாள். 'பருத்தி வெள்ளை' இருந்தது. அதற்கு அடுத்து 'பவழம்' இருந்தது. இரண்டுக்கும் நடுவில் 'பல் டாக்டர் பச்சை' இருக்க வேண்டும். நேற்று சாயங்காலம் இதே கணினியில், இதே திரையில், அண்ணி சுட்டிக் காட்ட அவளே அதைப் பார்த்திருந்தாள்.

"இருக்கா, இல்லையா?" என்றார் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்ற மேஸ்திரி. அவர் சட்டையைப் பார்த்தால் போதும், இந்த மாதம் எந்தெந்த வீட்டில் வேலை பார்த்தார் என்று சொல்லிவிடலாம். "மூணு சுவர் அடிச்சாச்சு. நாலாவது சுவர் வெள்ளையா பல்லைக் காட்டிக்கிட்டு நிக்குது. டாக்டரம்மா பார்க்கிற பார்வைக்கு, மரத்துப்போக ஊசி போடாமலே என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிடுவாங்க போல."

"மத்தியானமா வாங்க மேஸ்திரி. அண்ணி வந்ததும் கிடைச்சிடும்."

"அதென்ன, அந்த கலர் உங்க அண்ணியோட கூடவே வந்து, அண்ணியோட கூடவே வீட்டுக்குப் போயிடுதா?"

மேஸ்திரி வாய்க்கு வந்ததைச் சொன்னார். நடந்துகொண்டிருந்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் அப்போது அது மேஸ்திரிக்கும் தெரியாது, குட்டிக்கும் தெரியாது.

பெயின்ட் கடைக்கு லாரியில் வருவது பெரும்பாலும் வெள்ளை மட்டும்தான். நிறம் கடையில்தான் பிறக்கிறது. கலக்கும் மெஷினுக்குள் சின்னச் சின்னத் தொட்டிகளில் கறுப்பு, காவி, நீலம், இரண்டு வகை மஞ்சள் என்று கெட்டியான சாயங்கள் இருக்கும். கணினியில் ஷேட்டின் பெயரைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், எந்தச் சாயம் எத்தனை துளி என்று அதிலுள்ள சாஃப்ட்வேர் நிரல் மெஷினுக்குச் சொல்லும். ஜலதோஷம் பிடித்த குழந்தையின் மூக்குபோல மெஷின் அத்தனை துளியையும் வெள்ளையில் ஒழுகவிடும். மூடியை அடித்து மூடி, குலுக்கும் பெட்டியில் வைத்து எடுத்தால் பச்சை தயார். துளிக் கணக்கு தொலைந்தால் அந்தப் பச்சையும் தொலைந்தது. கண்ணால் பார்த்து ஏறக்குறைய அதே மாதிரி கலக்கலாம். அந்த 'ஏறக்குறைய' என்பது, பழைய பச்சையும் புதிய பச்சையும் சந்திக்கும் சுவர் மூலையில் வந்து மாட்டிக்கொள்ளும்.

நிரலோ மிகப் பழையது. சாம்பல் நிறத் திரை, செங்கல் மாதிரிப் பொத்தான்கள். அதை எழுதிய கம்பெனி மூட்டை கட்டிக்கொண்டு போய் வெகுகாலம் ஆகிவிட்டது. மெஷின் அந்த நிரலின் பேச்சைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காது. அதனால் பழைய கணினி ஒருநாள் புகைவிட்டு அடங்கியபோது, பளபளவென்று ஒரு புதுக் கணினி வாங்கி, அதற்குள் இந்தக் கிழட்டு நிரலைக் குடிவைத்தார்கள்.

குடிவைத்தவர் கம்ப்யூட்டர் மெக்கானிக். அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். கடைத்தெருவில் அவர் 'ரீஸ்டார்ட்'. எந்த நோய்க்கும் அவர் முதலில் எழுதிக் கொடுக்கும் மருந்து அது. முன்மண்டை வழுக்கை, தன்னைவிடச் சின்னவர்களையும் 'அக்கா' என்று கூப்பிடும் பணிவு. நிரலைப் புதுக் கணினியில் ஓடவைத்துவிட்டு அவர் கிளம்பும்போதுதான், கடை முதலாளியான அண்ணன் அந்த உத்தரவைப் போட்டார்.

"ரெண்டு பேருக்கும் தனித்தனியா லாகின் போட்டுக் கொடுங்க. ஆளுக்கொரு பாஸ்வேர்ட். தப்பு நடந்தா யார் பண்ணினதுன்னு தெரியணும். அப்புறம், கண்டதை உள்ள ஏத்தாத மாதிரி, சாதாரண அனுமதி மட்டும் போதும்."

ரெண்டு பேர் என்றால், காலையில் கணினியில் உட்காரும் அவர் தங்கை குட்டியும், மதியம் உட்காரும் அவர் மனைவியும். குட்டிக்கு நாற்பது நெருங்குகிறது. வீட்டில் கடைசியாகப் பிறந்தவள் என்பதால் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. நாத்தனாரும் அண்ணியும் ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்தால், நாற்காலியின் உயரம் சரியில்லை என்பதிலிருந்து சண்டை தொடங்கும். புதுக் கணினி வந்தபிறகு சண்டை நாற்காலியை விட்டு மேலே ஏறியது. அண்ணி சேர்த்த ஷேட் காலையில் இருக்காது. குட்டி சேர்த்த ஷேட் மதியம் இருக்காது. பழைய ஷேட்கள் மட்டும் யார் உட்கார்ந்தாலும் அசையாமல் நின்றன.

"நான் போட்டதை நீ அழிக்கிற," என்றாள் அண்ணி.

"நீங்க அழிச்சிட்டு, சாயங்காலம் திருப்பிப் போட்டு வச்சிட்டு, 'இதோ இருக்கே, கண்ணு தெரியலையா'ன்னு கேக்கறீங்க," என்றாள் குட்டி.

"எனக்கு வேற வேலை இல்ல பாரு. உங்க அண்ணனைக் கட்டி மேய்க்கிறதுக்கே நேரம் பத்தல."

நடுவில் ஒருமுறை ரீஸ்டார்ட் வந்து பார்த்தார். தன் அட்மின் லாகினில் நுழைந்து பட்டியலைத் திறந்தார். நெற்றியைச் சொறிந்தார். "அக்கா, ரெண்டு பேருமே புதுசா ஒண்ணும் போடலையே," என்றார். அந்த ஒரு விநாடி மட்டும் நாத்தனாரும் அண்ணியும் ஒரே கட்சியில் சேர்ந்து அவரை முறைத்தார்கள். அவர் கணினியை ரீஸ்டார்ட் செய்துவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு நடையைக் கட்டினார்.

இன்று மேஸ்திரி வெறுங்கையோடு படியிறங்குவதை அண்ணன் பார்த்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை, மெதுவாகப் பேசினார். அது இன்னும் மோசம்.

"குட்டி, சனிக்கிழமையிலிருந்து நீ கொடவுனைப் பார்த்துக்கோ. கம்ப்யூட்டரை அண்ணி ஒருத்தியே பார்க்கட்டும்."

"நான் ஒண்ணுமே பண்ணல அண்ணா."

"யார் பண்ணினான்னு நான் கேட்கல. ஒரு ஆள் இருந்தா இந்தப் பிரச்சனையே வராதில்ல?"

"அப்ப அண்ணி கொடவுனுக்குப் போகட்டுமே?"

அண்ணன் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு தான் எந்த வீட்டில் சாப்பிடுவது என்று கேட்கும் பார்வை.

கொடவுன் என்பது சுவரில் பூசும் புட்டி மாவு மூட்டைகளும், ஜன்னலே இல்லாத நான்கு சுவர்களும், ஒரு டியூப் லைட்டும். குட்டிக்குப் பிடித்ததெல்லாம் இங்கே, இந்த நாற்காலியில் இருந்தது. ஒரு பெண்மணி தலையணை உறையின் கிழிசலை நீட்டி "இந்த நிறம் வேணும்" என்பாள். குட்டி அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, காவியில் இத்தனை, கறுப்பில் அரைத் துளி என்று கணித்து, மெஷின் ஒழுகவிட்டதைக் கையிலிருக்கும் அட்டையில் தேய்த்துப் பார்ப்பாள். துணியும் அட்டையும் ஒன்றுபோல் நிற்கும் அந்த நொடிக்காகவே அவள் காலையில் சீக்கிரம் வருகிறாள். அதைவிட்டு மூட்டை எண்ணப் போவதா?

அண்ணி அழிப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது என்று அவள் முடிவு செய்தாள். அழிப்பவருக்கு ஆசை காட்ட ஓர் இரை வேண்டும். மறுநாள் காலை அவள் தன் லாகினில் புது ஷேட் ஒன்றைச் சேர்த்தாள். இரண்டு மஞ்சளையும் கொஞ்சம் கறுப்பையும் சேர்த்தால் வரும், பித்தம் தலைக்கேறிய ஒரு நிறம். அதற்கு 'அண்ணி மூஞ்சி' என்று பெயர் வைத்தாள். எழுத்து வரிசையில் அது பட்டியலின் உச்சியிலேயே போய் உட்கார்ந்தது. நிரலைத் திறந்த மாத்திரத்தில் கண்ணில் அறையும்.

மதியம் அண்ணி வந்தாள். குட்டி வீட்டுக்குப் போவதுபோல் பையை எடுத்துக்கொண்டு, பிரஷ் மாட்டியிருந்த அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கினாள். அண்ணி நாற்காலியின் உயரத்தை முணுமுணுத்துக்கொண்டே மாற்றினாள். பாஸ்வேர்ட் அடித்தாள். நிரலைத் திறந்தாள். பட்டியலைப் பார்த்தாள்.

பார்த்துவிட்டு ஏதோ பாட்டை முனகிக்கொண்டே 'பல் டாக்டர் பச்சை'யைத் தேர்ந்து, முந்தின நாள் மதியம் வராமல் இன்று வந்த மேஸ்திரிக்கு ஒரு டின் கலந்து கொடுத்தாள்.

குட்டி அங்கேயே நின்று யோசித்தாள். அண்ணியை அவளுக்கு நன்றாகத் தெரியும். சாப்பாட்டில் உப்பு குறைந்தது என்று சொன்னால் பொறுத்துக்கொள்வாள். போன மாதம் எடுத்த புடவை நேற்றுத் தள்ளுபடியில் பாதி விலைக்கு வந்தது என்றால்கூடப் பொறுத்துக்கொள்வாள். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னால் இந்தக் கடையின் கூரை இருக்காது. 'அண்ணி மூஞ்சி' என்ற எழுத்துகள் கண்ணெதிரே நின்றும் இந்த அண்ணி பாட்டு பாடுகிறாள் என்றால், அவள் கண்ணெதிரே அவை நிற்கவில்லை.

மறுநாள் காலை குட்டி நிரலைத் திறந்தாள். 'அண்ணி மூஞ்சி' பட்டியலின் உச்சியில் ஜம்மென்று இருந்தது. யாரும் அழிக்கவில்லை. யாரும் பார்க்கவும் இல்லை. அவள் ரீஸ்டார்ட்டுக்குப் போன் போட்டாள்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீங்களா அக்கா?"

"அண்ணே, அதை வச்சிட்டு நான் சொல்றதைக் கேளுங்க. நான் பார்க்கிற பட்டியல் வேற, எங்க அண்ணி பார்க்கிற பட்டியல் வேற."

"அதெப்படிக்கா? கம்ப்யூட்டர் ஒண்ணு, சாஃப்ட்வேர் ஒண்ணு, அது வச்சிருக்கிற ஃபைலும் ஒண்ணுதானே? நீங்க ரெண்டு பேரும் வேற வேற வாசல் வழியா ஒரே வீட்டுக்குள்ள போறீங்க, அவ்வளவுதான்."

"அப்ப அண்ணி ஏன் என்னை அடிக்க வரல?"

"ஏன் அடிக்கணும்?"

குட்டி இரையைப் பற்றிச் சொன்னாள். மறுமுனையில் சிறிது நேரம் சிரிப்பை அடக்கும் சத்தம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"அக்கா," என்றார் ரீஸ்டார்ட், முற்றிலும் வேறு குரலில். "நான் அன்னிக்குப் பார்த்தப்ப உங்களோடதும் இல்ல, அவங்களோடதும் இல்ல. அப்ப பட்டியல் ரெண்டு இல்ல, மூணு. ஐயோ. வர்றேன் இருங்க."

வந்தவர் முதல் காரியமாகத் தன் அட்மின் லாகினில் நுழைந்து, ஷேட் பட்டியல் இருக்கும் ஃபைலின் பெயரைக் கொடுத்து, கணினி முழுவதும் தேடச் சொன்னார். மூன்று கிடைத்தன. ஒரே பெயர், மூன்று இடம். முதலாவது, நிரல் குடியிருந்த 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டரில். இரண்டாவது, குட்டியின் லாகின் கணக்குக்குள் எங்கோ ஆழத்தில் 'வர்ச்சுவல் ஸ்டோர்' என்ற பெயர் தாங்கிய ஓர் இருட்டறையில். மூன்றாவது, அண்ணியின் கணக்குக்குள் அதே மாதிரி இருட்டறையில்.

அதற்குள் அண்ணியும் அண்ணனும் வந்து சேர்ந்திருந்தார்கள். ரீஸ்டார்ட்டுக்கு விளக்கிச் சொல்ல ஆள் கிடைத்தால் போதும், முகம் மலர்ந்துவிடும்.

"ஒரு வீட்ல வயசான மாமனார் இருக்கார்னு வைங்க. அந்தக் காலத்து ஆள். தன் மருந்து டப்பாவைச் சாப்பாட்டு மேசை மேலதான் வைப்பேன்னு பிடிவாதம். இந்தக் காலத்து வீட்ல மேசை மேல கண்டதை வைக்கக் கூடாதுன்னு சட்டம். முடியாதுன்னு சொன்னா அவருக்கு மயக்கமே வந்துடும். அதனால மருமக என்ன பண்றா? 'சரி மாமா, மேசை மேலயே வச்சிட்டேன்'னு சொல்லிட்டு, அதே மாதிரி இன்னொரு டப்பா எடுத்து, எல்லா மாத்திரையையும் அதுல போட்டு, தன் ரூம் அலமாரில வச்சிடறா. மாமா கேட்கும்போதெல்லாம் அதை எடுத்துட்டு வந்து நீட்டறா. மாமாவுக்கு ஒரே சந்தோஷம்."

"நல்ல மருமக," என்றார் அண்ணன்.

"ஆனா சார், வீட்ல மருமக ரெண்டு பேர். ஆளுக்கொரு அலமாரி, ஆளுக்கொரு டப்பா. காலையில ஒருத்தி, மத்தியானம் ஒருத்தி. காலையில வாங்கின மாத்திரை காலை டப்பால. மத்தியானம் வாங்கினது மத்தியான டப்பால."

அண்ணி புருவத்தை உயர்த்தினாள். "அப்ப பழைய மாத்திரை மட்டும் ரெண்டிலயும் இருக்கும்."

"அதேதான் அக்கா! முதல் தடவை நகல் எடுத்தப்ப இருந்ததெல்லாம் ரெண்டுலயும் இருக்கும். அப்புறம் சேர்த்ததுதான் பிரியும். இந்த சாஃப்ட்வேர் எழுதின காலத்துல, கம்ப்யூட்டர்ல எங்க வேணும்னாலும் எழுதலாம். அதனால அது தன் பட்டியலைத் தான் இருக்கிற ஃபோல்டர்லயே எழுதுது. புது கம்ப்யூட்டர்ல அந்த ஃபோல்டருக்குப் பூட்டு. சாதாரண லாகின்ல வர்றவங்க அங்க எழுத முடியாது. முடியாதுன்னு சொன்னா பழைய சாஃப்ட்வேர் படுத்துடும். அதனால கம்ப்யூட்டரே எழுதிட்டேன்னு அதுகிட்ட பொய் சொல்லிட்டு, ஆளுக்கொரு நகல் வச்சிடுது. பழசு ஓடணுமேங்கிற நல்ல எண்ணத்துல சொல்ற பொய்தான்."

"அப்ப," என்று குட்டி இழுத்தாள், "ரெண்டு லாகின் இல்லாம ஒண்ணே ஒண்ணு இருந்திருந்தா?"

"ஒரே நகல். ஒரு வம்பும் இல்ல."

எல்லாரும் அண்ணனைப் பார்த்தார்கள். யார் தப்பு என்று தெரிவதற்காகத் தனித்தனி லாகின் கேட்ட அண்ணன், கூரையில் சுற்றிய மின்விசிறியைக் கவனமாகப் பார்த்தார்.

"இப்ப ரெண்டு பட்டியலையும் ஒண்ணாச் சேர்க்கணும்," என்றார் ரீஸ்டார்ட்.

அப்போதுதான் குட்டிக்குச் சுருக்கென்றது. சேர்த்தால் உச்சியில் என்ன வந்து நிற்கும்?

"சேர்க்காமலே விட்டா என்ன?" என்றாள் அவசரமாக. ஆச்சரியமாக, அண்ணியும் அதே நேரத்தில், "என்னோடதுல பெரிசா ஒண்ணும் இல்ல, விட்டுடுங்களேன்," என்றாள். இருவரும் ஒருவரையொருவர் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார்கள்.

"பல் டாக்டர் பச்சை அதுலதானே இருக்கு? சேருங்க," என்றார் அண்ணன்.

நிரலில் இன்னொரு கடையின் பட்டியலைச் சேர்த்துக்கொள்ளும் வசதி இருந்தது. ஆனால் அது பிளாப்பி என்ற அந்தக் காலத்துச் சதுரத் தட்டில் வந்தால்தான் ஏற்றுக்கொள்ளும். 'ஏ டிரைவில் பிளாப்பியைச் செருகவும்' என்று கையை நீட்டும். புதுக் கணினியில் அப்படி ஒரு துளையே கிடையாது. ரீஸ்டார்ட் சிரித்தார். சி டிரைவில் ஒரு சாதாரண ஃபோல்டர் செய்து, அதில் அண்ணியின் பட்டியலைப் போட்டு, குட்டியின் லாகினுக்கு மாறி, ஒரே ஒரு வரிக் கட்டளையில் அந்த ஃபோல்டருக்கு 'ஏ' என்ற எழுத்தைச் சூட்டினார். நிரல் அதைப் பிளாப்பி என்று நம்பி வாயில் போட்டுக்கொண்டது. ஏற்கெனவே இருப்பவற்றை விட்டு, புதியவற்றை மட்டும் குட்டியின் பட்டியலோடு சேர்த்தது. மாமனாரிடம் இன்னொரு பொய்.

அண்ணன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை நெருங்கினார்.

"அண்ணி மூஞ்சி," என்று உரக்கப் படித்தார். "இது என்ன ஷேட்?"

குட்டி மேசைமேல் இருந்த நிற அட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். அண்ணன் இன்னும் கீழே உருட்டினார். "நாத்தனார் நாக்கு. அட, நல்ல ரத்தச் சிவப்பு. இதெல்லாம் யார் போட்டது?"

"கம்பெனி பேருங்க," என்றாள் அண்ணி.

"புது சீரிஸ் அண்ணா," என்றாள் குட்டி. "குடும்ப சீரிஸ்."

"ஓஹோ. அப்ப புருஷன்னு ஒண்ணு காணோமே?"

"அது வெள்ளைலயே வருது. தனியா எதுவும் கலக்க வேண்டியதில்ல," என்றாள் அண்ணி.

ரீஸ்டார்ட் மேசைக்கு அடியில் குனிந்து எந்த ஒயரையோ வெகுநேரம் சரிபார்த்தார். அண்ணன் போனபிறகு அண்ணி குட்டியின் காதருகே வந்தாள்.

"என் மூஞ்சி அவ்வளவு மஞ்சளா இருக்கா?"

"என் நாக்கு அவ்வளவு சிவப்பா இருக்கா அண்ணி?"

"நீளம்னு போடத்தான் நினைச்சேன். நீளத்துக்கு ஷேட் இல்லையே." அண்ணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். "நீயும் பிடிக்கத்தான் போட்டியா?"

"ம்."

"நானும் அதுக்குத்தான். நீ பார்த்துட்டுக் கமுக்கமா இருக்கியேன்னு ரெண்டு நாளா உன் வாயையே பார்த்துட்டிருந்தேன். நீ கமுக்கமா இருக்கிற ஆளே இல்லையே." அண்ணி உள்பக்கம் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "என்னங்க! கொடவுனுக்கு வேற ஆளைப் பாருங்க. காலையிலயும் வந்து இந்த நாற்காலியில உட்கார என் முதுகு தாங்காது."

உள்ளேயிருந்து பதில் வரவில்லை. அண்ணன் வாயே திறக்காவிட்டால், அந்த வீட்டில் அதற்குச் சம்மதம் என்று அர்த்தம்.

ரீஸ்டார்ட் மீதி வேலையை முடித்தார். மறுநாள் காலை மேஸ்திரி வந்து, டாக்டரம்மாவுக்குக் கதவும் அதே பச்சையில் வேண்டுமாம் என்றார். குட்டி தன் பாஸ்வேர்டை அடித்து நிரலைத் திறந்தாள். 'பருத்தி வெள்ளை'க்கும் 'பவழ'த்துக்கும் நடுவில் 'பல் டாக்டர் பச்சை' இருந்தது. பொத்தானை அழுத்தினாள், மெஷின் ஒழுகத் தொடங்கியது.

நிரல் இப்போது 'புரோகிராம் ஃபைல்ஸி'ல் இல்லை. சி டிரைவில் அதற்கென்று ஒரு தனி ஃபோல்டர் போட்டு, சேர்த்த பட்டியலோடு முழுசாக அங்கே மாற்றப்பட்டிருக்கிறது. அந்த ஃபோல்டரில் எழுத அண்ணியின் லாகினுக்கும் குட்டியின் லாகினுக்கும் அனுமதி கொடுத்தாயிற்று. அதனால் கணினி யாருக்கும் தனி நகல் எடுத்து வைப்பதில்லை. ஷேட் பட்டியல் ஒன்றே ஒன்று. காலையில் திறப்பதும் மதியம் திறப்பதும் அதுதான்.